துறவாத எளிமை: பொதுநிலைப் பிரான்சிஸ்கன் ஒழுங்குகளில் உடைமையும் நற்செய்தி வாழ்வும்

முன்னுரை

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் என்றவுடன், ஆயர் முன்னிலையில் தம் ஆடைகளைக் களைந்து தந்தையிடம் திருப்பிக் கொடுத்த இளைஞரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அது துறவிக்குரிய உருவம். மனைவி மக்களோடும், கடை, நிலம், கடன் ஆகியவற்றோடும் வாழும் இல்லறத்தார் அதே நற்செய்தியை அதே நெறியில் எவ்வாறு வாழ்வது? ‘மூன்றாம் சபை’ என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட பொதுநிலைப் பிரான்சிஸ்கன் சபையின் ஒழுங்குகள் இவ்வினாவுக்கு அளித்த விடையை இக்கட்டுரை ஆராய்கிறது. இல்லறத்தாரின் எளிமை உடைமையைத் துறப்பதன்று, உடைமையை நேர்செய்வதே என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1221ஆம் ஆண்டின் ஒழுங்கு

1221இல் உருவாகி 1228இல் திருத்தம் பெற்ற ‘மெமோரியாலே புரொப்போசிதி’ என்னும் இலத்தீன் ஒழுங்கு, தம் இல்லங்களிலேயே தங்கி மனமாற்றத் தவத்தை மேற்கொண்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரியது. இதில் பிரான்சிசின் பெயர் இடம்பெறவில்லை. இத்தகைய தவக் குழுக்கள் அவருக்கு முன்பே இருந்தன என்று மேர்செமன் போன்ற அறிஞர்கள் விளக்கியுள்ளனர். எனவே இதனைப் பிரான்சிசே இயற்றியதாகக் கொள்வது பொருந்தாது. எனினும் அவர் தூண்டிய இயக்கமே இக்குழுக்களுக்குப் புதிய வேகம் அளித்தது. அவர் பொதுநிலையினருக்கு எழுதிய மடலின் முதல் வடிவம் வோல்தெர்ரா சுவடியில் கிடைத்துள்ளது.

இவ்வொழுங்கைப் பக்தி நூலாக எண்ணிப் படிப்பவர் வியப்படைவர். இது துணியின் விலையிலிருந்து தொடங்குகிறது. சாயமேற்றாத எளிய துணியையே அணிய வேண்டும். அதன் விலை முழம் ஒன்றுக்கு இரவென்னா நாணயத்தில் ஆறு சோல்தியைத் தாண்டலாகாது. குழுவில் சேர விரும்புவோர் பிறர் பொருள் தம்மிடம் இருப்பின் திருப்பித் தர வேண்டும். அயலாருடன் பகை இருப்பின் ஒப்புரவாக வேண்டும். வாக்களித்த மூன்று திங்களுக்குள், உரிமையுள்ளோர் அனைவரும் தம் சொத்துக்கு இறுதி விருப்ப ஆவணம் எழுதிவிட வேண்டும். திங்கள்தோறும் ஒன்றுகூடி, ஆளுக்கு ஒரு தெனாரியுக் காசு பொருளாளரிடம் கொடுக்க வேண்டும். அக்காசு நோயுற்ற, வறிய உறுப்பினர்க்குச் செல்லும். நோயாளியை வாரம் ஒருமுறையேனும் பொறுப்பாளர் சென்று காண வேண்டும், அல்லது வேறொருவரை அனுப்ப வேண்டும்.

இவற்றுள் எங்கும் ‘அனைத்தையும் விற்றுவிடு’ என்னும் கட்டளை இல்லை. சொத்து இருக்கிறது, அதில் பிறர் பங்கு ஒட்டியிருக்கலாகாது, அதன்பொருட்டு நாளை வழக்கு எழலாகாது என்பதே கவலை. விருப்ப ஆவண விதி சிறிதாகத் தோன்றினும், பாகப்பிரிவினைப் பகையால் குடும்பங்கள் சிதைவதைக் கண்டவர் அதனைச் சிறிதென்னார். மூன்றாம் சபையின் முதல் உறுப்பினராக மரபு போற்றும் பொஜ்ஜிபோன்சி ஊரின் லுக்கேசியோ, தானிய வணிகத்தில் பொருளீட்டியவர். மனைவி புவோனதோன்னாவுடன் செல்வத்தை ஏழைகளுக்கு வழங்கிய பின்னும், உழுதுண்பதற்குச் சிறுநிலம் ஒன்றை அவர் வைத்துக்கொண்டார் என்றே அம்மரபு கூறுகிறது.

ஆயுதமும் ஆணையும்

எவருக்கு எதிராகவும் கொலைக்கருவி ஏந்தலாகாது, திருத்தந்தை விலக்களித்த சில தேவைகளுக்கன்றி ஆணையிடலாகாது என்னும் இரு விதிகள் நகராட்சிகளை உடனே உறுத்தின. இத்தாலிய நகரங்கள் தம்முள் ஓயாது போரிட்ட காலம் அது. ஃபயென்சாவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த தவக் குழுவினரை ஆயுதம் ஏந்துவதாக ஆணையிடுமாறு ஆட்சியாளர் வற்புறுத்தினர். திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் 1221 டிசம்பர் 16 அன்று ரிமினி ஆயருக்கு மடல் எழுதி அவர்களைக் காக்கப் பணித்தார். மூன்றாம் சபையே நிலமானிய முறையை வீழ்த்தியது என்று சில பக்தி நூல்கள் கூறுவது மிகை. ஃபயென்சாவில் எதிர்நின்றது நிலப்பிரபு அல்லர், நகராட்சி. ஆயினும் தனி வீட்டின் பக்தி ஊரின் போரைத் தொட்டது என்பதற்கு இம்மடல் சான்று.

பிற்கால மாற்றங்கள்

1289இல் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் வழங்கிய ஒழுங்கு, உரோமைத் திருச்சபை, கிறித்தவ நம்பிக்கை, தாய்நாடு ஆகியவற்றின் பாதுகாப்புக்காகவும், பொறுப்பாளரின் இசைவு பெற்றும் ஆயுதம் ஏந்த இடமளித்தது. இவ்விலக்குகள் விதியின் கூர்மையைப் பெரிதும் மழுக்கின என்றே கொள்ள வேண்டும். 1883இல் பதின்மூன்றாம் லியோ ஒழுங்கினைச் சுருக்கி எளிதாக்கினார்.

இன்று நடைமுறையில் உள்ளது, 1978 ஜூன் 24 அன்று ஆறாம் பவுல் ஏற்பளித்த 26 கூறுகள் கொண்ட ஒழுங்கு. பிரான்சிசின் அம்மடலே அதற்கு முகப்பாக அமைந்துள்ளது. நற்செய்தியிலிருந்து வாழ்வுக்கும், வாழ்விலிருந்து நற்செய்திக்கும் சென்று மீள்வதை நான்காம் கூறு உறுப்பினரின் பணியாக்குகிறது. பதினோராம் கூறு தேவைகளை எளிமைப்படுத்தச் சொல்லி, உடைமையாளரைப் பிறர்க்காகப் பொருளைப் பேணும் கண்காணிப்பாளராகக் காண்கிறது. பதினாறாம் கூறு உழைப்பைக் கொடை என்கிறது.

முழக்கணக்கும் விலைவரம்பும் இப்போது இல்லை. ஒரு நூற்றாண்டின் துணிவிலை உலகளாவிய சபைக்கு அளவுகோலாக முடியாது என்பதால் இது தேவையான மாற்றமே. எனினும் இழப்பும் உண்டு. எவ்வளவு போதும் என்பதை முன்பு குழு சொன்னது; இப்போது அவரவர் மனச்சான்றே சொல்ல வேண்டியுள்ளது. மனச்சான்று தன் வசதிக்கு எளிதில் இசைந்துவிடும். கடனும் விருப்ப ஆவணமும் 1978ஆம் ஆண்டின் ஒழுங்கில் பேசப்படவில்லை. பழைய திங்கள் காசு மட்டும் இருபத்தைந்தாம் கூறில் வேறு வடிவில் தொடர்கிறது: ஒவ்வொருவரும் தம் இயல்புக்கேற்பப் பங்களிக்க வேண்டும். தொகை குறிக்கப்படவில்லை.