பேஸ் கிட்டாருக்கு ஒரு பிக்கார்டு: பேரையூரில் அளவெடுத்து மதுரையில் வெட்டிய கதை

இன்னைக்கு கோடு இல்ல, ஆப் இல்ல. ஒரு பிளாஸ்டிக் தகடு பத்திப் பேசப் போறோம்.

கிட்டார் உடம்பின் முன்பக்கம், கம்பிகளுக்குக் கீழே திருகி வைத்திருக்கும் தகடுதான் பிக்கார்டு. பிக் பட்டு மரத்தில் கீறல் விழாமல் காப்பது அதன் முதல் வேலை. ஆனா பி-பேஸ் வகை கிட்டாரில் இன்னொரு பொறுப்பும் அதுக்கு உண்டு. வால்யூம், டோன் பாட், கேபிள் சொருகும் ஜாக், எல்லாம் அந்தத் தகட்டிலேயே மாட்டியிருக்கும். தகடு விரிசல் விட்டா ஜாக் ஆடும். ஜாக் ஆடினா கரகரப்பு வரும், பாட்டு நடுவுல பேஸ் காணாமப் போகும்.

பேரையூரில் இருக்கும் என் பெரியப்பாவின் பேஸுக்கு நடந்தது இதுதான். திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு பல வருஷம் வாசித்த கிட்டார். பங்குனியில் கச்சேரிகள் வரிசையா இருந்துச்சு. "வாடகைக்கு எடுத்து வாசிச்சா, வர்ற காசு அதுக்கே போயிரும்டா" என்றார்.

ரெடிமேடா வாங்கினா என்ன என்று கேட்பீங்க. லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தது 1951இல். 1957இல் அதன் வடிவத்தை மாற்றியபோது தங்க நிற அனோடைஸ்டு அலுமினியத் தகடு போட்டார்கள். கடையில் கிடைக்கும் ரெடிமேடு தகடுகள் பெரும்பாலும் ஃபெண்டர் அளவை ஒட்டியவை. பெரியப்பாவோடது பெயர் தெரியாத காப்பி. திருகு ஓட்டைகள் மூணு, நாலு மில்லிமீட்டர் தள்ளி இருந்துச்சு. பாட் ஓட்டையும் அப்படித்தான்: பெரிய பாட்டுக்கு சுமார் 9.5 மில்லிமீட்டர் வேணும், விலை குறைந்த கிட்டார்களில் வரும் மினி பாட்டுக்கு 7 மில்லிமீட்டர் போதும். அதனால சொந்தமா வெட்டறதுதான் வழி.

அளவெடுப்பது

உடைந்த தகட்டை செலோடேப் போட்டு ஒட்டி, பேரையூரிலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்தோம். ஏ4 கண்ணாடியில் முழுசா அடங்காது, ரெண்டு தடவையா எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் பக்கத்துல ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைங்க. 300 டிபிஐ ஸ்கேனில் ஒரு பிக்சல் சுமார் 0.085 மில்லிமீட்டர். நமக்கு அது தாராளம்.

பிறகு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் ஓரத்தை வரைந்தேன். ஒரு விஷயம் முக்கியம்: திருகு ஓட்டைகளைப் பழைய தகட்டிலிருந்து எடுக்காதீங்க, மரத்திலிருந்து எடுங்க. பழைய பிளாஸ்டிக் சுருங்கியிருக்கலாம், ஓட்டை தேய்ந்திருக்கலாம். மரம்தான் நமக்கு மூலம்.

வரைபடத்திலேயே 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டுடுங்க. பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' ஆஃப், அளவு 100 சதவீதம். பேப்பரில் அந்தக் கோட்டை அளந்து பார்த்தாலே அளவு சரியா என்று தெரிஞ்சிடும். அந்த பேப்பரை ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி வெட்டி, கிட்டாரில் வைத்துப் பார்த்தோம். ரெண்டு ஓட்டையை நகர்த்த வேண்டியிருந்தது. டெஸ்ட் பண்ணாம ப்ரொடக்‌ஷனுக்குப் போகக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்றது இங்கயும் பொருந்தும்.

எந்தப் பிளாஸ்டிக்?

மதுரையில் நேம் போர்டு செய்யும் கடைகளில் லேசர் மெஷின் இருக்கு. நான் போன கடையில் இருந்த அண்ணன் ஒரு வெள்ளை ஷீட்டை எடுத்தார். "அண்ணே, இது அக்ரிலிக்கா, பி.வி.சி-யா?" என்றேன். "ரெண்டும் பிளாஸ்டிக்குதான தம்பி, வெட்டிரலாம்" என்றார்.

இங்கதான் கவனம் வேணும். பி.வி.சி-க்குள் குளோரின் இருக்கு. லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தோடு சேர்ந்தா அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நுரையீரலையும் அரிக்கும், மெஷினின் தண்டவாளத்தையும் லென்ஸையும் அரிக்கும். நான் இதைச் சொன்னதும் அவர் கேட்டது: "அதான் இதை வெட்டுற அன்னைக்கெல்லாம் தொண்டை எரியுதா?" சின்ன அறை, ஒரே ஒரு ஃபேன், நாள் பூரா அதே காற்று. நமக்கு ஒரு தகடு, அவருக்கு அது தினசரி மூச்சு.

சந்தேகம் இருந்தா ஒரு பழைய சோதனை இருக்கு. செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஷீட்டின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்க. சுடர் பச்சையா மாறினா குளோரின் இருக்குன்னு அர்த்தம். வெட்டவெளியில் மட்டும் செய்யுங்க. பி.வி.சி-தான் வேணும்னா சி.என்.சி ரூட்டரில் வெட்டச் சொல்லலாம், அதில் வாயுப் பிரச்சனை இல்லை.

நாங்கள் எடுத்தது 3 மில்லிமீட்டர் கறுப்பு காஸ்ட் அக்ரிலிக். அக்ரிலிக் சீக்கிரம் வெடிக்கும். அதனால 3 மில்லிமீட்டர் திருகுக்கு ஓட்டை 3.5. திருகை நின்ற இடத்தில் விட்டுடணும், அதுக்கு மேல இறுக்கக் கூடாது. லேசரில் வெட்டிய ஓரத்தை சானிடைசர், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, மெல்லிய விரிசல்கள் ஓடும். சோப்புத் தண்ணி போதும்.

மாட்டுவது

தகட்டின் பின்பக்கம், பாட், ஜாக் வரும் இடத்தில் அலுமினியம் ஃபாயிலை ஒரே துண்டா ஒட்டினோம். பாட்டின் உலோக உடம்பு அதைத் தொடணும், அப்பதான் கிரவுண்ட் கிடைத்து, டியூப் லைட்டிலிருந்து வரும் இரைச்சல் குறையும். ஜாக்கின் சிக்னல் முனை மட்டும் ஃபாயிலைத் தொடவே கூடாது, தொட்டா சத்தமே வராது.

கச்சேரிக்கு நாலு நாள் முன்னாடி பேஸ் தயார். கரகரப்பு போச்சு, வாடகையும் மிச்சம்.

கடைசியா ஒண்ணு. தகடு உடையலாம், ஃபைல் உடையாது. அந்த வரைபடத்தை மெயிலில் போட்டு வைங்க, ஒரு காப்பி கடைக்கார அண்ணன்கிட்டயும் கொடுங்க. அடுத்த தடவை தேவைப்பட்டா நேரா வெட்டக் கொடுத்துடலாம். அடுத்த எபிசோடில் பார்க்கலாம், மக்களே.