மூன்று அறைக் கூடாரமும் விடியற்காலை ஈரமும்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் ஏழு பேர்: மாமனார், மாமியார், கணவர், அவர், மூன்று பிள்ளைகள். கோடை விடுமுறையில் கொடைக்கானல் மேல்மலையில், தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் டென்ட் அடித்துத் தங்கப் போகிறார்களாம். '6.3' என்று போட்ட கூடாரம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பெரியவர்களுக்குத் தனி அறை கிடைக்குமா, ஏழாவது ஆளாகச் சின்னவனை நடுவில் நுழைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

அந்த எண்ணில் பாதிப் பதில் இருக்கிறது. டெக்கத்லான் கடைகளில் விற்கும் குவெச்சுவா குடும்பக் கூடாரங்களில் புள்ளிக்கு முன்னால் வருவது படுக்கக்கூடிய ஆட்கள், பின்னால் வருவது படுக்கையறைகள். 4.1 என்றால் நான்கு பேருக்கு ஓர் அறை, 4.2 என்றால் நான்கு பேருக்கு இரண்டு அறை, 6.3 என்றால் ஆறு பேருக்கு மூன்று அறை. இவ்வளவு நேர்மையாக ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பது அபூர்வம். சிக்கல் புள்ளியில் இல்லை, 'ஆறு பேர்' என்பதில் இருக்கிறது.

கூடாரத் தொழிலில் ஓர் ஆள் என்றால் ஒரு பாய். தோளோடு தோள் உரச, அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும் ஒருவருக்குச் சுமார் 60 செ.மீ. அகலம், சில கம்பெனிகள் அதற்கும் குறைவாகவே கணக்குப் போடுகின்றன. பையும் செருப்பும் வைக்கவோ, புரண்டு படுக்கவோ இந்தக் கணக்கில் இடம் கிடையாது. மூட்டு வலிக்காகத் தடித்த மெத்தை விரிக்கும் மாமனாருக்கும் ஐந்து வயதுப் பேரனுக்கும் அதே ஒரு பாய்தான். ஆகவே அனுபவப்பட்டவர்கள் அட்டையில் உள்ள எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டுத்தான் பேசுவார்கள். ஆறு பேர் கூடாரம் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குச் சரி. ஏழு பேருக்கு அதை வாங்குவது இரவு இரண்டு மணிச் சண்டையைக் காசு கொடுத்து வாங்குவது.

அறை என்றவுடன் சுவரை நினைத்துக்கொள்ளக் கூடாது. வெளியே மழையைத் தாங்கும் பெரிய மேல்துணி. அதனுள் கொக்கிகளில் தொங்கும் மெல்லிய துணிப் பெட்டிகள். அந்தப் பெட்டிகள்தான் படுக்கையறைகள். வேண்டாவிட்டால் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அறைகள் ஒரே பக்கம் வரிசையாக இருப்பது ஒரு வகை. நடுவில் கூடம், இரு கோடியிலும் எதிரெதிரே அறைகள் என்பது இன்னொரு வகை. மூன்று தலைமுறை போகும்போது இரண்டாவதுதான் நல்லது. ஒரே வரிசை அறைகளுக்கு நடுவே இருப்பது ஒற்றைத் துணி. அதற்கு இந்தப் பக்கம் குறட்டை, அந்தப் பக்கம் பெருமூச்சு.

துணியால் அறை பிரிக்கும் வேலை நமக்குப் பழையது. பத்துப்பாட்டிலேயே சிறியதான முல்லைப்பாட்டில், 103 அடிகளுக்குள், நப்பூதனார் ஒரு போர்ப் பாசறையையே எழுப்பிக் காட்டுகிறார். காட்டைத் திருத்திய இடத்தில் வீரர்களின் தங்கல்கள், அரசனுக்கோ வலுவான கயிற்றில் திரை கட்டி இரண்டாகப் பிரித்த படுக்கையிடம். உள்ளே பணிக்கு நிற்பவர்கள் வாயால் பேசாமல் உடலசைவால் உணர்த்தும் வேற்று நாட்டார். உரைகாரர்கள் இதற்கு என்ன காரணம் சொன்னாலும் சரி, கூடாரத்தில் ஒரு முறை படுத்தவருக்கு அது அரசனின் தூக்கத்துக்கான ஏற்பாடு என்றே தோன்றும். திரை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது.

முகலாயர்கள் இதை ஊரளவுக்குப் பெருக்கினார்கள். அக்பரின் பாளையத்தில் 18 தூண்களில் நின்ற மாடிக் கூடாரமே இருந்தது. மேல்தளத்தில் அரசர் வழிபாடு செய்வார் என்று அபுல் ஃபஸல் எழுதிவைத்திருக்கிறார். ஒரு பாளையத்தைச் சுமக்க 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமைகாரர்கள் வேண்டியிருந்ததாம். திப்பு சுல்தானுடைய பூப்போட்ட பருத்திக் கூடாரம் ஒன்று 1799-க்குப் பிறகு, அப்போது சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் கைக்குப் போய், வேல்ஸ் நாட்டின் பாவிஸ் கோட்டைத் தோட்டத்தில் விருந்துப் பந்தலாக நின்றது. இன்றும் அந்தக் கோட்டையில் இருக்கிறது. சாதாரணக் குடும்பம் அறைகளோடு கூடாரம் தூக்கிக்கொண்டு கிளம்பியதற்கு வேறு காரணம் வேண்டியிருந்தது. 1936-இல் பிரான்சில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. விடுமுறை வந்துவிட்டது, ஓட்டலுக்குப் பணம் இல்லை. கடற்கரையெங்கும் கூடாரங்கள் முளைத்தன.

இனி, கடைக்காரர் சொல்லாத சங்கதி. மழையே பெய்யாத இரவில் கூடாரத்துக்குள் ஏன் தண்ணீர் சொட்டுகிறது?

குடும்பக் கூடாரம் வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து நீட்டும்போது சொல்லும் முதல் புகார் 'ஒழுகுகிறது'. ஓட்டை தேடினால் கிடைக்காது. ஒழுகியது வானத்திலிருந்து அல்ல, படுத்திருந்தவர்களிடமிருந்து. தூங்கும் ஒருவர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஓரிரவில் கால் லிட்டர் அளவுக்காவது நீரை ஆவியாக வெளியே விடுகிறார். ஏழு பேர் என்றால் ஒன்றரை லிட்டருக்கு மேல். மழைநீரை உள்ளே விடாத மேல்துணி இந்த ஆவியை வெளியேயும் விடாது.

வேடிக்கை என்னவென்றால், நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவில்தான் இந்தத் தொல்லை அதிகம். மேகம் இருந்தால் தரையிலிருந்து போகும் வெப்பத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் மேல்துணி தன் வெப்பத்தை மேலே இழந்துகொண்டே இருக்கும், சுற்றியுள்ள காற்றைவிடவும் கூடுதலாகக் குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ந்த துணியில் ஏழு பேரின் வெதுவெதுப்பான மூச்சுக் காற்று போய் முட்டும். பிறகு நடப்பது இட்லிப் பானை மூடியில் நடப்பதுதான். மூடியில் திரண்ட நீர் மாவின் மேல் விழாதிருக்கச் சில வீடுகளில் மூடிக்கு அடியில் துணி கட்டுவார்களே, கூடாரத்தின் உள்ளறைத் துணி செய்வதும் அந்த வேலையே. அது காற்றுப் புகும் துணி. மூச்சாவி அதைக் கடந்து மேல்துணியில் திரளும். திரண்ட நீர் சொட்டினால் உள்ளறைத் துணியின் மேல் விழுந்து பக்கவாட்டில் வழிந்துவிடும். இரண்டு துணிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கும்வரை உள்ளே படுத்தவர் நனைய மாட்டார். பையை ஓரமாகத் தள்ளி உள்துணியை மேல்துணியோடு ஒட்டவைத்தால் அந்த இடத்தில் ஈரம் இறங்கும். காலையில் அங்கே தலை வைத்திருந்தவர் ஓட்டை என்று சத்தியம் செய்வார்.

இதனால்தான் பல அறைக் கூடாரம் வாங்கும்போது அறைகளை எண்ணுவதற்கு முன்பு காற்றுத் திறப்புகளை எண்ண வேண்டும். கீழே ஓரிடத்தில் காற்று நுழைய வேண்டும், மேலே இன்னோரிடத்தில் வெளியேற வேண்டும். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை. குளிருகிறது என்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடுவதுதான் நம்மவர்கள் முதலில் செய்யும் காரியம். மலையில் குளிரைப் போர்வையால் சமாளிக்கலாம், ஈரமான போர்வையை எதைக் கொண்டும் சமாளிக்க முடியாது. நனைந்த துண்டைக் கூடத்தில் உலர்த்துவதும் ஈரத்தைச் சேர்க்கும். சமைப்பது அதைவிட மோசம்: 100 கிராம் சமையல் வாயு எரிந்தால் சுமார் 160 கிராம் நீர் ஆவியாகப் பிறக்கிறது. அந்தக் காலத்துப் பருத்திக் கித்தான் ஓரளவு மூச்சு விட்டது. பருத்தி கலந்த குடும்பக் கூடாரங்களை ஐரோப்பாவில் இன்னும் விற்கிறார்கள், தூக்கத்தான் ஆள் வேண்டும்.

மழைக்கு எதிரான கணக்கை அட்டையில் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 2000 என்றால், துணியின் மேல் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர் நின்றாலும் அது கசியாமல் தாங்கும் என்று பொருள். மேல்துணிக்கு 2000, 3000 தாராளம். தரைத்துணிக்கு அதைவிட அதிகம் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் மழைத்துளி தரும் அழுத்தத்தைவிட ஈரத் தரையில் ஊன்றிய முழங்கால் தரும் அழுத்தம் பல மடங்கு. தையல்களின் உட்புறம் நாடா ஒட்டி மூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாலியெஸ்டரா நைலானா என்றால், பெரிய கூடாரத்துக்குப் பாலியெஸ்டர். நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும். நள்ளிரவில் எழுந்து கயிறு இழுக்க யாருக்கும் மனம் வராது.

வடிவத்துக்கு வருவோம். அரைவட்டக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் சுரங்க வடிவம்தான் குடும்பக் கூடாரங்களில் அதிகம். நிமிர்ந்து நிற்கலாம், வேட்டியோ புடவையோ கட்டலாம். ஆனால் முளை அடித்துக் கயிறு இழுத்தால்தான் அது நிற்கும். கம்பிகள் குறுக்கே பின்னிய குவிமாட வடிவம் தன் காலிலேயே நிற்கும், காற்றையும் நன்றாகத் தாங்கும், தலைதான் இடிக்கும். கம்பிக்குப் பதில் காற்றடைத்த குழாய் வைத்தவையும் வந்துவிட்டன. சில நிமிடங்களில் எழும்பிவிடும், விலையும் எடையும் கூடுதல். மேல்மலையில் இதையெல்லாம் முடிவு செய்வது தரை. அங்கே விளைநிலம் படிப்படியாக இறங்கும். ஆறு மீட்டருக்கு நான்கு மீட்டர் சமதளமும், கயிறு கட்ட நாலாபுறமும் ஒரு மீட்டரும் ஒரே படியில் கிடைப்பது அரிது. அதனால் திருப்பூர்க் குடும்பம் பெரிய மாளிகை ஒன்றை வாங்குவதைவிட, எதிரெதிர் அறைகள் கொண்ட நடுத்தரக் கூடாரம் ஒன்றும், பெரியவர்களுக்கென்று தள்ளி ஒரு குவிமாடமும் வாங்கிக்கொள்வது உத்தமம். பெரியவர்கள் இரவில் இரண்டு முறை எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் மூன்று ஜிப் திறந்து மூடும் சத்தத்தில் வீடே விழித்துக்கொள்ளாது.

கூடாரத்துக்குள் கரி அடுப்பை இழுத்து வைத்துக் குளிர்காயும் பழக்கத்தை எப்படிச் சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை. தணல் சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும்; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். அதேபோல் இடம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் டென்ட் அடிப்பது சட்டத்துக்கு விரோதம், அனுமதியுள்ள தோட்டமாக இருந்தாலும் யானைத் தடத்தில் இருந்தால் துணி ஒரு தடுப்பாகாது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் கூடாரத் தங்கலில் இருந்த பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். அதன்பின் மாவட்ட நிர்வாகம் அங்கே கூடாரத் தங்கல்களுக்குத் தடை போட்டது. வாழைப்பழமும் உப்பும் படுக்கும் இடத்தில் வேண்டாம்.

பிரிட்டனில் இசைவிழாக்கள் முடிந்ததும் மைதானத்தில் விட்டுப்போகும் கூடாரங்கள் ஆண்டுக்குச் சுமார் 2,50,000 என்று விழா அமைப்பாளர்களின் சங்கமே 2019-இல் மதிப்பிட்டது. பெரும்பகுதி பிளாஸ்டிக். நம் ஊரில் விட்டுவருவதில்லை, பரணில் போட்டுச் சாகடிக்கிறோம். ஈரத்தோடு சுருட்டி வைத்த கூடாரத்தின் பாலியூரித்தேன் பூச்சு நீரோடு வினைபுரிந்து சிதைந்து, பிசுபிசுத்து, நாற்றமெடுக்கும். அந்த நிலைக்குப் போனதை மீட்க முடியாது. ஊர் திரும்பிய அன்றே நிழலில் விரித்துக் காயவைப்பதற்கு அரை நாள் போதும். வெயிலில் நாள்கணக்கில் போட்டாலும் துணி நைந்துவிடும். உடைந்த கம்பியை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கம்பி போனதும் முழுக் கூடாரமும் குப்பைக்குப் போகிறது.

வாங்கியவுடன் ஒரு முறை மொட்டை மாடியில் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். கான்கிரீட்டில் முளை இறங்காது. அரிசிச் சாக்கில் மணல் நிரப்பிக் கயிறுகளை அதில் கட்டலாம். எல்லோரும் உள்ளே போய் மெத்தை விரித்துப் படுத்துப் பார்த்தபிறகு, மேலிருந்து குழாய்த் தண்ணீரைக் கால் மணி நேரம் தையல்கள் மேல் பாய்ச்ச வேண்டும். கடைக்காரர் மாற்றித்தரும் கெடு முடிவதற்குள், பில்லோடு இதைச் செய்துவிடுவது நல்லது.