சுற்றுலாப் பணம் யாருக்கு?

தேக்கடி இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி வரும். குமுளியை அடுத்தது தேக்கடி. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார்கள். அதனால் காட்டுக்குள் பெரிய ஏரி உண்டானது. ஏரியில் படகு போகிறது. யானைகள் கரைக்கு வந்து தண்ணீர் குடிக்கும். அதைப் பார்க்கப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள்.

அவர்கள் வருவதால் ஊருக்கு என்ன லாபம்?

ஒரு பயணி டீக்கடையில் டீ குடிக்கிறார். கடைக்காரர் பக்கத்து வீட்டில் பால் வாங்குகிறார். பால் விற்ற அம்மா அந்தப் பணத்தில் அரிசி வாங்குகிறார். ஒரே பணம் மூன்று வீடுகளுக்கு உதவுகிறது.

அதே பயணி பெரிய விடுதியில் தங்குகிறார். விடுதியின் முதலாளி வெளியூர்க்காரர். வேலைக்கும் வெளி ஆட்களே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது லாபம் மலை இறங்கிப் போய்விடும். ஊருக்கு மிஞ்சுவது குப்பைதான்.

பணம் ஊரிலேயே தங்க வழி உண்டா? உண்டு. தேக்கடியிலேயே அதைப் பார்க்கலாம்.

அங்குள்ள காட்டில் வயணை என்ற மரம் உண்டு. அதன் பட்டை மசாலாவுக்கு உதவும். முன்பு சிலர் அதைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றார்கள். மரங்கள் பட்டுப்போயின. உரித்தவர்களோ வழக்குக்குப் பயந்து வாழ்ந்தார்கள்.

1996இல் உலக வங்கி உதவியுடன் ஒரு திட்டம் வந்தது. வனத்துறை அவர்களை அழைத்துப் பேசியது. அவர்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். காட்டின் மூலை முடுக்கெல்லாம் அவர்களுக்குத் தெரியும். யானை வரும் தடமும் தெரியும். இப்போது பயணிகளுக்கு அவர்களே வழி காட்டுகிறார்கள். கூடவே காட்டையும் காவல் காக்கிறார்கள். பயணிகள் கட்டும் கட்டணத்திலிருந்து அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது. மன்னான், பளியர் மக்களும் இப்படி வேலை செய்கிறார்கள்.

2002இல் பெண்களும் முன்வந்தார்கள். அவர்கள் குழுவின் பெயர் வசந்த சேனா. முறை வைத்துக் காட்டுக்குள் ரோந்து போனார்கள். இதற்காக அவர்கள் கூலி வாங்கவில்லை. காடு இருந்தால்தான் பிழைப்பு என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2020இல் கொரோனா வந்தது. பயணிகள் வரவு நின்றது. சுற்றுலாவை மட்டும் நம்பியவர்கள் தவித்தார்கள். ஆகவே மாட்டையும் மிளகுக் கொடியையும் கைவிடக் கூடாது.

உங்கள் ஊருக்கும் பயணிகள் வருகிறார்களா? அவர்கள் தரும் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது? குழுவாக உட்கார்ந்து பேசுங்கள்.