தென்னந்தோப்பும் வர்த்தக ஒப்பந்தமும்

2017 டிசம்பரில் புவனஸ் அயர்ஸ் நகரில் நடைபெற்ற உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டையொட்டி, வர்த்தகத்தில் பெண்களின் பங்கை உயர்த்துவதற்கான பிரகடனம் வெளியாயிற்று. அதனை 118 உறுப்பினர்களும் பார்வையாளர்களும் ஆதரித்தனர். பாலினம் வர்த்தக விதிகளுக்குள் வரும் பொருளன்று எனக் கருதிய இந்தியா அதில் சேரவில்லை. ஆனால், 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பாலினச் சமத்துவத்துக்கெனத் தனி அத்தியாயமே இடம்பெற்றது.

இம்மாற்றம் கார் நிக்கோபாரை எவ்வாறு சென்றடையும்? அங்குத் தென்னையே வாழ்வாதாரம். நிக்கோபாரி மக்களின் மரபுவழித் தேங்காய் எண்ணெய் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. சுங்க வரி குறைந்தால் அதன் பயன் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. எனினும், ஏற்றுமதிக்கு முதல் வேண்டும்; முதலைக் கடனாகப் பெற ஈடு வேண்டும். தோப்போ ‘துஹேத்’ எனப்படும் கூட்டுக் குடும்பத்தின் பொதுச் சொத்து. தனியொரு பெண் அதனை ஈடாகக் காட்ட இயலாது.

இவ்விடைவெளியை நிரப்புவது வங்கிகளாகிய எங்கள் கடமை. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 20 இலட்சம் ரூபாய் வரை ஈடின்றிக் கடன் பெறலாம். ஏற்றுமதிக்குத் தேவையான குறியீட்டு எண்ணை இணையவழியே பெறலாம். குழுவாகச் சேர்ந்து கிளையை அணுகுங்கள். விண்ணப்பத்தை நிரப்ப நாங்கள் துணைநிற்போம்.