பழைய ஹெட்போனா, புதிய ஹெட்போனா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசுவோம். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்குகிற எவரும் சீக்கிரமே ஒரு குழப்பத்தில் வந்து நிற்பார். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே உருவம், பெயரில் ஓர் எண்ணோ ஓர் எழுத்தோதான் வேறு. ஒன்று கால் நூற்றாண்டுக்கு மேலாக விற்கிறது, இன்னொன்று அண்மையில் வந்தது. புதியதன் விலை பல ஆயிரம் ரூபாய் அதிகம். "புதுசுதானே நல்லா இருக்கும்?" என்று கேட்பார்கள். கைபேசிக்கும் கேமராவுக்கும் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி. ஹெட்போனுக்கு அது பொருந்துவதில்லை.

ஏன் என்று பார்க்க சென்ஹைசர் ஹெட்போன்களை எடுத்துக்கொள்கிறேன். பழைய மாடல்கள் சிலவற்றை நிறுத்தாமல் புதியவற்றைப் பக்கத்திலேயே வைத்து விற்கிற வழக்கம் அவர்களிடம் உண்டு, ஒப்பிட வசதி. ஜெர்மனியில் ஹானோவருக்குப் பக்கத்தில் வென்னெபோஸ்டல் என்ற சிற்றூரில் 1945-இல் ஃபிரிட்ஸ் சென்ஹைசர் தொடங்கிய கம்பெனி அது. 1968-இல் அவர்கள் கொண்டுவந்த எச்டி 414தான் ஓப்பன் பேக் என்கிற திறந்த முதுகு ஹெட்போன்களுக்கு முன்னோடி. காதுக்கு வெளிப்பக்கம் மூடாமல் வலை மட்டும் இருக்கும். உள்ளே காற்று அடைபடாததால் பாட்டு தலைக்குள் முட்டாமல் இயல்பாகக் கேட்கும். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும் என்பது வேறு விஷயம்.

அதே திறந்த முதுகு வகையில் எச்டி 600 வந்தது 1997-இல். 2003-இல் எச்டி 650, 2017-இல் எச்டி 660 எஸ், 2023-இல் எச்டி 660 எஸ்2. இந்த நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்தால் நீள்வட்டக் கிண்ணம், வெல்வெட் உறை போட்ட பஞ்சு, கழற்றி மாட்டுகிற கேபிள் என்று எல்லாம் ஒரே குடும்ப முகம். உள்ளே நடந்த மாற்றங்களோ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசையில் போனவை.

650-இல் ட்ரெபிள் என்கிற உயர்ந்த சுரங்களைக் கொஞ்சம் தணித்து, பாஸ் என்கிற தாழ்ந்த சுரங்களின் நடுப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றினார்கள். 600-இல் வயலின் வில் கம்பியில் உரசுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும். 650-இல் அது சற்று மென்மையாகி, வயலினின் உடல் முன்னே வரும். 660 எஸ்-இல் இம்பீடன்ஸ் என்கிற மின்மறுப்பை 300 ஓமிலிருந்து 150 ஓமாகக் குறைத்தார்கள். தனி ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வாங்காமல் சின்ன பிளேயரிலேயே கேட்கிறவர்களுக்கு அது உதவி. 660 எஸ்2-இல் மறுபடி 300 ஓம். கம்பிச்சுருளை இலேசாக்கி, ஒலியை எழுப்புகிற சவ்வு இன்னும் தாராளமாக அசையும்படி செய்து, அதன் இயல்பான அதிர்வெண்ணை 110 ஹெர்ட்ஸிலிருந்து 70 ஹெர்ட்ஸுக்கு இறக்கியதாகக் கம்பெனி சொல்கிறது.

இந்தக் கடைசி எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. திறந்த ஹெட்போனில் சவ்வின் முன்பக்கம் எழும் அலையும் பின்பக்கம் எழும் அலையும் தாழ்ந்த சுரங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சவ்வின் இயல்பான அதிர்வெண்ணுக்குக் கீழே போகப் போக பாஸ் சரிந்துகொண்டே போகும். அந்த எல்லையைக் கீழே தள்ளினால் சரிவும் தள்ளிப்போகும். மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி விழும்போதும், சினிமாப் பாட்டில் பாஸ் கிதார் அடியில் ஓடும்போதும் 660 எஸ்2-இல் அது கேட்கத்தான் செய்கிறது. ஆனால் மொத்தத் தொனியும் இருட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டது. பாடுகிறவரின் குரலை மட்டும் கேட்டுச் சொல் என்றால், 1997-இன் 600-ஐ 2023-இன் ஹெட்போன் தாண்டவில்லை என்பேன். குரல் வாழ்கிற நடுப்பகுதியில் அப்போதே அவர்கள் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார்கள். பிறகு வந்ததெல்லாம் இரு ஓரங்களிலும் செய்த மாற்றம்.

மென்பொருள்போல ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப்போகிற பதிப்புகள் அல்ல இவை. ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் குறையும். எதைக் கூட்டுவது என்று அந்த ஆண்டில் எடுத்த முடிவுக்குத்தான் புதுப் பெயர். சென்ஹைசரின் நுகர்வோர் பிரிவு 2022-இல் சுவிட்சர்லாந்தின் சொனோவா கம்பெனிக்குப் போனதால்தான் தொனி மாறியது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு முன்பும் பதிப்புக்குப் பதிப்பு தொனி மாறித்தான் வந்திருக்கிறது.

இனி ஒப்பிடுகிற முறைக்கு வருவோம். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன.

பத்து ஆண்டு உழைத்த 650 ஒருவரிடம் இருக்கிறது. அன்றைக்குப் பெட்டி பிரித்த புதியதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "பழசுக்கும் புதுசுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்கிறார். அவர் கேட்டது பெரும்பாலும் பஞ்சின் வித்தியாசம். காதைச் சுற்றி உட்கார்கிற பஞ்சு வியர்வையிலும் அழுத்தத்திலும் நாளாக ஆகத் தட்டையாகிவிடும். அப்போது காது, சவ்வு இருக்கிற டிரைவருக்கு நெருங்குகிறது, நடுவே இருக்கிற காற்றின் அளவு குறைகிறது, தலையோடு ஒட்டுகிற விதமும் மாறுகிறது. பாஸும் ட்ரெபிளும் இடம் மாற இது போதும். தலைப்பட்டையும் அப்படியே. புது 600 தலையை இறுக்கிப் பிடிக்கும், போகப் போகத் தளரும். "ஓட ஓட டிரைவர் பழகி இனிமையாகிவிடும்" என்று சொல்வதில் பெரும்பங்கு பஞ்சு இளகுவதும் நம் காது பழகுவதும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

நல்ல வேளையாக, இந்தக் குடும்பத்தில் பஞ்சு, தலைப்பட்டையின் மெத்தை, கேபிள் எல்லாவற்றையும் கருவியே இல்லாமல் கையால் கழற்றி மாட்டலாம். 600-க்கும் 650-க்கும் பஞ்சு ஒன்றே. இரண்டுக்கும் புதுப் பஞ்சு போட்ட பிறகு கேட்டால், முன்னே மலையாகத் தெரிந்தது சின்ன மேடாகிவிடும்.

அடுத்தது சத்தத்தின் அளவு. 1933-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் காட்டிய உண்மை இது: சத்தம் கூடக் கூட, தாழ்ந்த சுரங்கள் நம் காதுக்கு முன்பைவிட நிறைவாகக் கேட்கும். ஒரு ஹெட்போன் இன்னொன்றைவிட ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால் அது நமக்குச் சத்தமாகப் படாது. தெளிவாக, உயிரோட்டமாகப் படும். ஆம்பின் குமிழை ஒரே இடத்தில் வைத்தால் இரண்டு ஹெட்போனும் ஒரே அளவு ஒலிக்கும் என்று நினைக்காதீர்கள். இம்பீடன்ஸும் திறனும் வேறானால் அளவும் வேறாகும். ஒவ்வொன்றையும் மாட்டும்போது குமிழைத் திருத்திச் சமமாக்கிக்கொண்டு பிறகு தீர்ப்புக்கு வாருங்கள்.

ஆம்பும் இதில் பங்காளி. 600-க்கு 300 ஓம் என்று போட்டிருந்தாலும், பாஸ் பகுதியில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 ஓமையும் தாண்டி ஏறும். வெளியீட்டு இம்பீடன்ஸ் 100 ஓம் அளவுக்கு இருக்கிற வால்வு ஆம்பில் மாட்டினால், அந்த இடத்தில் மட்டும் ஏறக்குறைய ஒரு டெசிபல் கூடுதலாகப் போகும். வால்வு ஆம்பில் 600 கதகதப்பாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் கற்பனை செய்யவில்லை. அவர்களிடம், சாதாரண ஆம்பில் கேட்டவர் "எனக்கு அப்படி இல்லையே" என்றால் அவரும் பொய் சொல்லவில்லை.

அடுத்த டம்ளரை ஊற்றிக்கொண்டு எச்டி 800-க்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த ஒப்பீடு இதுதான், ஏனென்றால் இங்கே மாற்றம் ஒரே இடத்தில், கண்ணால் பார்க்கிறபடி நடந்தது.

2009-இல் வந்த எச்டி 800-இன் டிரைவர் 56 மில்லிமீட்டர் அகலம். அவ்வளவு பெரிய சவ்வு முழு வட்டமாக இருந்தால் உயர்ந்த சுரங்களில் அதன் நடுவும் ஓரமும் ஒரே மாதிரி அசையாது, ஒலி கலங்கும். அதனால் சவ்வை வளையமாகச் செய்தார்கள், நடுவே வெற்றிடம். டிரைவரைக் காதுக்கு நேராக வைக்காமல் சற்று முன்னே தள்ளிச் சாய்த்து, பெரிய கிண்ணத்துக்குள் பொருத்தினார்கள். பாட்டு தலைக்கு வெளியே, முன்னால் விரிகிற உணர்வு அதனால்தான். கச்சேரிப் பதிவில் பாடகர், வயலின், மிருதங்கம் மூன்றுக்கும் நடுவே இருக்கிற காலியிடம்கூடக் கேட்கும் என்றால் மிகையில்லை.

ஆனால் 6000 ஹெர்ட்ஸ் பக்கம் அதில் ஒரு கூர்மை இருந்தது. கற்பனாஸ்வரம் பாடும்போது ஒவ்வொரு ஸட்ஜமும் ஊசிபோல் குத்தும். டிரம்ஸின் தட்டு, கஞ்சிராவின் சிறு உலோக வில்லைகள் எல்லாம் அளவுக்கு மீறி மின்னும். பொறுக்காதவர்கள் கிண்ணத்துக்குள் மெல்லிய ஃபெல்ட் துணி வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். அது பலித்தது.

2016-இல் வந்த எச்டி 800 எஸ் அந்தக் குறையை ஆலையிலேயே சரிசெய்தது. டிரைவர் அதேதான். கூடுதலாக ஒரு சின்ன ஒலி உறிஞ்சி சேர்ந்தது. ஐஇ 800 என்ற அவர்களுடைய சின்ன இயர்போனில் முன்பே பயன்பட்ட உத்தி. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் எழும் அல்லவா? அதே இயற்பியலைத் திருப்பிப் போட்டது இது. அந்தச் சின்னக் குழிக்கு எந்தச் சுரம் சொந்தமோ அதன் ஆற்றலை அது விழுங்கிக்கொள்ளும், மற்றவற்றைத் தொடாது. 6000 ஹெர்ட்ஸ் கூர்மை தணிந்தது, விரிவு பெரிதும் அப்படியே இருந்தது. கூடவே நிறம் வெள்ளியிலிருந்து கறுப்பானது, நான்கு முனை பேலன்ஸ்டு கேபிளும் பெட்டியில் வந்தது.

800 எஸ்-இல் பாஸும் சற்றுக் கனமாகக் கேட்கிறது. தாழ்ந்த சுரங்களில் இரண்டாம் ஹார்மோனிக் சிதைவு பழையதைவிடக் கொஞ்சம் கூடியிருப்பதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கனத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம். பழைய 800-இன் காற்றோட்டம் புதியதில் ஒரு இழை குறைந்துவிட்டது என்று வருந்துகிறவர்களும் உண்டு. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பகிர்ந்துகொள்ளவில்லை. ஒரு ஹெட்போனின் அருமை முதல் ஐந்து நிமிடத்தில் தெரிவதில்லை. கடையில் மின்னுகிற ட்ரெபிள்தான் ஜெயிக்கும். வீட்டில் இரண்டு மணி நேரக் கச்சேரி கேட்டு முடிக்கும்போது எதைக் கழற்றி வைக்கத் தோன்றவில்லையோ அதுதான் நல்ல ஹெட்போன். அந்தச் சோதனையில் 800 எஸ் தெளிவாக மேலே நிற்கிறது. கணினியில் ஈக்வலைசர் போட்டுக் கேட்கத் தயங்காதவருக்குக் கதை வேறு: அந்தக் கூர்மையை நான்கைந்து டெசிபல் குறைத்தாலே பழைய 800 அருமையான ஹெட்போன்.

கைமாறி வருகிற ஹெட்போனை வாங்கினால் ஒரு சோதனையை மறக்காதீர்கள். மோனோவாகப் பதிவான பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். குரல் நெற்றிக்கு நேர் நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் கேபிளையும் பஞ்சையும் இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே பக்கம் சாய்ந்தால் பெரும்பாலும் டிரைவரில் கோளாறு. அதை வாங்க வேண்டாம்.

குரலும் கர்நாடக சங்கீதமுமே பிரதானம் என்பவருக்கு என் யோசனை எச்டி 600. சற்று இதமாக வேண்டுமென்றால் 650. சினிமாப் பாட்டின் அடித்தளம் வேண்டுமென்றால் 660 எஸ்2. மேடை முழுவதும் விரிந்து கேட்க வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் 800 எஸ். இவற்றில் ஏதோ ஒன்று ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதா? புதியதற்குப் பணம் கட்டுவதற்கு முன் அதற்கு ஒரு ஜோடி புதுப் பஞ்சு வாங்கிப் போட்டு ஒரு வாரம் கேளுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.