ஒரே லேசர், இரண்டு தட்டு

2006 ஏப்ரலில் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு புதிய பெட்டி வந்தது. தோஷிபா நிறுவனத்தின் எச்டி-ஏ1. விலை 499 டாலர். எச்டி டிவிடி என்ற புதுவகைத் தட்டைப் போட்டுப் படம் பார்ப்பதற்கான கருவி அது. இரண்டே மாதத்தில், ஜூனில், சாம்சங்கின் பிடி-பி1000 வந்து சேர்ந்தது. அது ப்ளூரே தட்டுக்கானது. விலை 999 டாலர். இரண்டு தட்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. அதே 12 சென்டிமீட்டர் விட்டம், அதே வெள்ளிப் பளபளப்பு. ஆனால் ஒரு கருவிக்கான தட்டை இன்னொன்றில் போட்டால் ஓடாது.

யுனிவர்சல் நிறுவனத்தின் படம் வேண்டுமென்றால் தோஷிபா பெட்டி வாங்க வேண்டும். டிஸ்னியோ சோனியோ எடுத்த படம் வேண்டுமென்றால் ப்ளூரே பெட்டி வாங்க வேண்டும். எந்தப் பெட்டி இன்னும் இரண்டு வருஷம் கழித்தும் உயிரோடு இருக்கும் என்று கடைக்காரருக்கும் தெரியாது. தவறாகத் தேர்ந்தெடுத்தால் பெட்டிக்குக் கொடுத்த பணமும் போச்சு, சேர்த்துவைத்த படங்களும் போச்சு.

இந்த இழுபறி 22 மாதம் நீடித்தது.

புதுத் தட்டுக்கான தேவை உண்மையானதுதான். 2000-க்குப் பிறகு எச்டி தொலைக்காட்சிகள் வீடுகளுக்குள் வரத் தொடங்கின. அமெரிக்க டிவிடியின் படத்தில் குறுக்கே 720, நெடுக்கே 480 புள்ளிகள். மொத்தம் மூன்றரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. முழு எச்டி படத்தில் 1920-க்கு 1080. மொத்தம் இருபது லட்சத்துக்கு மேல். அதாவது ஆறு மடங்கு. இரண்டு அடுக்கு கொண்ட டிவிடியிலேயே 8.5 ஜிபிதான் கொள்ளும். பெரிய திரையில் டிவிடி படம் மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

அதே அளவுத் தட்டில் அதிகத் தகவலை எப்படி ஏற்றுவது? தட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் சுருள் சுருளாக ஒரே தடத்தில் ஓடுகின்றன. அவற்றின் மீது லேசர் கதிர் பட்டுத் திரும்பும் விதத்தைக் கருவி படிக்கிறது. கதிரின் அலைநீளம் குறையக் குறைய அதன் ஒளிப்புள்ளியும் சிறிதாகும்; குழிகளையும் தடங்களையும் நெருக்கி வைக்கலாம். தடித்த முனைப் பேனாவில் பத்து வரி கொள்ளும் பக்கத்தில் கூர்முனைப் பேனாவால் முப்பது வரி எழுதிவிடலாம் அல்லவா, அந்தக் கணக்குதான். சிடியை 780 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர் படித்தது. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்புக் கதிர். அடுத்த கட்டத்துக்கு 405 நானோமீட்டர் நீல ஊதாக் கதிர் வேண்டியிருந்தது.

அந்த நீல ஒளி எளிதில் கைக்கு வரவில்லை. ஜப்பானின் டோகுஷிமா மாவட்டத்தில் உள்ள நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்த ஷுஜி நகமுரா, காலியம் நைட்ரைடு என்ற பொருளைக் கொண்டு 1993-இல் பிரகாசமான நீல எல்இடி விளக்கைச் செய்து காட்டினார். சில வருஷங்களில் அதே பொருளில் நீல ஊதா லேசரும் பிறந்தது. நீல எல்இடிக்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரோடு நகமுராவுக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னாளில் மோதிக்கொண்ட இரண்டு அணிகளும் பயன்படுத்தியது ஒரே நிற லேசரைத்தான்.

அப்படியானால் சண்டை எதற்கு? அரை மில்லிமீட்டர் விவகாரத்தில் தொடங்கியது அது.

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. தகவல் அந்த ஆழத்தில் இருக்கிறது. தோஷிபா அந்த அமைப்பை மாற்றாமல் லேசரை மட்டும் மாற்றியது. எச்டி டிவிடியின் ஓர் அடுக்கில் 15 ஜிபி, இரண்டடுக்கில் 30 ஜிபி. டிவிடி அச்சடிக்கும் ஆலைகளே சிறு மாற்றங்களோடு இதையும் அச்சடித்துத் தள்ளலாம். செலவு குறைவு.

ப்ளூரேயை முன்வைத்த சோனி அணி வேறு வழியில் போனது. தகவலை மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கொண்டுவந்து, ஒளியை இன்னும் கூர்மையாகக் குவிக்கும் லென்ஸைப் பொருத்தியது. ஒளிப்புள்ளி இன்னும் சிறுத்தது. ஓர் அடுக்கில் 25 ஜிபி, இரண்டடுக்கில் 50 ஜிபி. ஆனால் தகவல் மேற்பரப்பை ஒட்டி இருப்பதால் ஒரு கீறல், ஒரு விரல் ரேகைகூடப் படத்தைக் கெடுத்துவிடும். 2003-இல் ஜப்பானில் சோனி விற்ற முதல் ப்ளூரே பதிவுக் கருவியில் தட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. டிடிகே நிறுவனம் கீறல் விழாத கடினப் பூச்சு ஒன்றை உருவாக்கிய பிறகுதான் உறையைக் கழற்ற முடிந்தது. அச்சடிக்கும் ஆலைகளும் புது இயந்திரம் வாங்க வேண்டியிருந்தது.

தொழில்நுட்பத்தின் பின்னால் பணமும் இருந்தது. சிடியை உருவாக்கியவை சோனியும் பிலிப்ஸும். அடுத்துவந்த டிவிடிக்கும் இதேபோல இரண்டு திட்டங்கள் போட்டியிட்டன. 1995-இல் ஐபிஎம் உள்ளிட்ட கணினி நிறுவனங்கள் 'இரண்டு வகை செய்தால் எதையும் ஆதரிக்க மாட்டோம்' என்று நெருக்கடி கொடுக்க, இரு தரப்பும் இறங்கிவந்தன. பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே சமரசம் முடிந்தது. தோஷிபா அணியின் ஒட்டுத்தகடு அமைப்பே டிவிடிக்கு அடிப்படையானது. டிவிடி உலகெங்கும் பரவ, காப்புரிமை வைத்திருந்தவர்களுக்கு வருமானம் கொட்டியது. டிவிடியின் தொடர்ச்சியாக வரும் தட்டு தோஷிபாவுக்குச் சாதகம். முற்றிலும் புதிய தட்டு சோனி அணிக்குச் சாதகம்.

2002 பிப்ரவரியில் சோனி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சாம்சங் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் ப்ளூரேயை அறிவித்தன. அதே வருஷம் தோஷிபாவும் என்இசியும் தங்கள் திட்டத்தை டிவிடி மன்றத்தில் முன்வைத்தன. 2005-இல் சோனியும் தோஷிபாவும் ஒரே தட்டாக்கிவிடலாமா என்று பேசிப் பார்த்தன. 0.1-ஆ, 0.6-ஆ என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. இந்த முறை மேசைக்கு இழுத்துவந்து உட்கார வைக்கும் பலம் யாருக்கும் இருக்கவில்லை. கணினி உலகமே இரண்டாகப் பிரிந்து நின்றது. மைக்ரோசாஃப்ட் எச்டி டிவிடி பக்கம், டெல்லும் ஆப்பிளும் ப்ளூரே பக்கம்.

படத்தின் தரத்தால் இந்தப் போட்டி முடிவாகவில்லை. இரண்டுமே 1080 வரிப் படத்தைக் கொடுத்தன. இரண்டும் ஒரே வகைச் சுருக்க முறைகளையே பயன்படுத்தின. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவது கடினம். சொல்லப்போனால் வாங்குபவருக்குச் சில சலுகைகள் எச்டி டிவிடியில்தான் இருந்தன. விலை குறைவு. எந்த நாட்டில் வாங்கிய தட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். ப்ளூரேயோ உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்துப் பூட்டியது. இந்தியா, சீனா, ரஷ்யா எல்லாம் சி மண்டலம். எச்டி டிவிடி கருவிகள் அனைத்திலும் இணைய இணைப்பு கட்டாயம். ஆரம்பகால ப்ளூரே கருவிகளில் அது கட்டாயமில்லை. ப்ளூரேயின் விதிகளே படிப்படியாக வளர்ந்ததால், முதலில் ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கியவரின் கருவியில் பின்னால் வந்த தட்டுகளின் புது வசதிகள் சில வேலை செய்யவில்லை.

ஆனாலும் ப்ளூரே ஜெயித்தது. முதல் காரணம், ஒரு விளையாட்டுக் கருவி.

2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3-க்குள் சோனி ப்ளூரே இயக்கியை வைத்தே அனுப்பியது. அமெரிக்காவில் விலை 499, 599 டாலர். உதிரிபாகச் செலவே 800 டாலரைத் தாண்டும் என்று கருவியைப் பிரித்துப் பார்த்த ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கிட்டது. நீல லேசர் போதுமான அளவு கிடைக்காமல் ஐரோப்பிய விற்பனை 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம் காட்டியது. ஆனால் கார் பந்தயமும் கால்பந்தும் ஆட வாங்கியவர்களின் வீட்டுக்கெல்லாம், அவர்கள் கேட்காமலே ஒரு ப்ளூரே கருவி போய்ச் சேர்ந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டோ எக்ஸ்பாக்ஸ் 360-க்கான எச்டி டிவிடி இயக்கியைத் தனியாக 199 டாலருக்கு விற்றது. தனியாக விலை கொடுத்து வாங்குபவர் எப்போதும் குறைவுதான்.

இரண்டாவது காரணம், ஹாலிவுட். கொலம்பியா பிக்சர்ஸைக் கையில் வைத்திருந்த சோனிக்குச் சொந்தப் படங்கள் இருந்தன. டிஸ்னியும் ஃபாக்ஸும் ப்ளூரேயோடு நின்றன. கூடுதலான திருட்டுத் தடுப்பு ஏற்பாடு அதில் இருந்தது. யுனிவர்சல் மட்டும் எச்டி டிவிடியை இறுகப் பிடித்துக்கொண்டது. பாரமவுண்டும் வார்னரும் இரண்டிலும் படம் வெளியிட்டன.

நடுவில் இரண்டையும் சேர்த்துவைக்கும் முயற்சிகளும் நடந்தன. 2007 ஜனவரியில் எல்ஜி இரண்டு தட்டையும் ஓட்டும் கருவியைக் காட்டியது. விலை 1,199 டாலர், ஆனால் எச்டி டிவிடியின் ஊடாட்ட வசதிகள் அதில் வேலை செய்யவில்லை. அதே மாதம் வார்னர் ஒரு பக்கம் ப்ளூரே, மறுபக்கம் எச்டி டிவிடி என்று ஒரே தட்டை அறிவித்தது. அது கடைக்கே வரவில்லை.

2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் இனி எச்டி டிவிடி மட்டும்தான் என்று அறிவித்தன. இரண்டுக்கும் சேர்த்து 15 கோடி டாலர் அளவுக்குச் சலுகைகள் கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நவம்பரில் தோஷிபா கருவி ஒன்றை வால்மார்ட் 100 டாலருக்கும் குறைவாக விற்றது. கூட்டம் அள்ளியது. தோஷிபா மீண்டுவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

2008 ஜனவரி 4-ஆம் தேதி அந்த நினைப்பு உடைந்தது. லாஸ் வேகஸில் நடக்கும் மின்னணுப் பொருள் கண்காட்சி தொடங்கவிருந்த நேரம். இனி ப்ளூரேயில் மட்டுமே படம் வெளியிடுவோம் என்று வார்னர் பிரதர்ஸ் அறிவித்தது. குழப்பத்தால் மக்கள் எதையும் வாங்காமல் காத்திருக்கிறார்கள், இப்படியே போனால் சந்தையே கைவிட்டுப் போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கண்காட்சியில் நடக்க இருந்த பத்திரிகையாளர் சந்திப்பை எச்டி டிவிடி அணி ரத்து செய்தது.

அதன்பின் சரிவு வேகமாக நடந்தது. பிப்ரவரி 11-ஆம் தேதி தட்டுகளைத் தபாலில் வாடகைக்கு விட்டுவந்த நெட்ஃபிளிக்ஸ் எச்டி டிவிடியைக் கைவிட்டது. அதே வாரத்தில் பெஸ்ட் பை, வால்மார்ட் என்ற இரண்டு பெரிய கடைத்தொடர்களும் ப்ளூரே பக்கம் சாய்ந்தன. பிப்ரவரி 19 அன்று தோஷிபாவின் தலைவர் அட்சுடோஷி நிஷிடா, எச்டி டிவிடி தொழிலிலிருந்து விலகுவதாக டோக்கியோவில் அறிவித்தார். அடுத்த வருஷம் தோஷிபாவே ப்ளூரே சங்கத்தில் சேர்ந்து ப்ளூரே கருவி செய்தது.

வாங்கியவர்கள் கதி? பெஸ்ட் பை தன்னிடம் எச்டி டிவிடி கருவி வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. வார்னர் 2009-இல், ஒரு படத்துக்கு 4.95 டாலரும் தபால் செலவும் கட்டினால் ப்ளூரேயாக மாற்றித் தருவோம் என்றது. மற்றவர்களுக்கு மிஞ்சியது, இனிப் புதுப்படம் எதுவும் வராத ஒரு பெட்டி.

ஜெயித்த தட்டுக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. இரு அணிகளும் மோதிக்கொண்டிருந்த 2007 ஜனவரியில்தான் நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியே படம் காட்டத் தொடங்கியது. வார்னர் முடிவை அறிவித்த அதே 2008 ஜனவரியில் ஆப்பிள் இணையத்தில் படங்களை வாடகைக்கு விட ஆரம்பித்தது. டிவிடியின் இடத்தை ப்ளூரே முழுதாகப் பிடிக்கவே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தபால் சேவையை 2023 செப்டம்பரில் நிறுத்தியது. பெஸ்ட் பை 2024-இல் படத் தட்டு விற்பதையே விட்டுவிட்டது. பதிவு செய்யும் வெற்று ப்ளூரே தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் சோனி முடித்துக்கொண்டது. தட்டுக்கு நல்ல காலம் இருந்த கடைசி இரண்டு வருஷத்தை இரண்டு அணிகளும் சேர்ந்து வீணடித்தன என்பதே நேர்மையான தீர்ப்பு. 1995-இல் செய்த சமரசத்தை 2005-இலும் செய்திருக்க முடியும். அந்தப் பிடிவாதத்துக்கான பணத்தைக் கட்டியவர்களில் எந்தப் பேச்சுவார்த்தையிலும் இடம்பெறாத வாடிக்கையாளர்களும் உண்டு.

இன்றும் இத்தகைய போட்டிகள் நடந்துகொண்டிருக்கின்றன. தொலைக்காட்சிகளில் ஒளியையும் நிறத்தையும் மேம்படுத்தும் டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் என்ற இரண்டு முறைகள் போட்டியிடுகின்றன; சாம்சங் தன் டிவிகளில் முதலாவதைச் சேர்க்காமல் இரண்டாவதை முன்னிறுத்தியது. நல்லவேளையாக, இரண்டு வகை டிவிகளும் எச்டிஆர்10 என்ற பொது முறையையும் ஏற்பதால் படம் ஓடாமல் போகாது. எச்டி டிவிடி வாங்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. ஆகவே புதுக்கருவி வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் ஓடக்கூடிய படங்களை எத்தனை நிறுவனங்கள் தருகின்றன? இதே முறையில் வேறு எத்தனை நிறுவனங்கள் கருவி செய்கின்றன? ஏற்கெனவே வீட்டில் இருப்பது இதில் ஓடுமா? இவற்றில் ஒன்றுக்குக்கூடத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், ஆறு மாதம் பொறுத்து வாங்குங்கள்.