உலாவி என்னும் எல்லைச்சாவடி

நுழையும்முன்

தேர்வு முடிவு அறிவது, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, மின்கட்டணம் செலுத்துவது ஆகிய பலவும் இன்று இணைய உலாவியின் வழியாகவே நிகழ்கின்றன. அவ்வாயிலின் காவல் எவ்வாறு அமைந்துள்ளது, அது எவ்விடத்தில் தளர்கிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஓசூரில் ஒரு கணினி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி, பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள தொழில்நகரம் ஓசூர். அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் ஆகிய பெருந்தொழிற்சாலைகளால் அறியப்படும் இந்நகரில், உதிரிபாகங்களைக் கடைந்தும் துளையிட்டும் தரும் சிறு பட்டறைகள் ஏராளம். அத்தகைய பட்டறைகள் பலவற்றுக்கு உரிமையாளரின் வீட்டுக் கூடமே அலுவலகம். அங்குள்ள ஒரே கணினியில்தான் வரைபடங்களும், சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கும், வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கும். பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை பாடக்குறிப்பு தேடுவதும் புதுத் திரைப்படத்தை இலவசமாகப் பதிவிறக்குவதும் அதே கணினியில்தான். இரவில் பிள்ளை அழுத்தும் ஒரு பொத்தான், மறுநாள் காலையில் பத்துத் தொழிலாளர்களின் ஊதியக் கணக்கைத் திறக்கவொட்டாமல் செய்துவிடக்கூடும். அக்கணினியில் செருகிய பென் டிரைவ் பட்டறைக்குச் சென்று எந்திரத்தோடு இணைந்த கணினியில் செருகப்படுமாயின், தீங்கும் உடன்செல்லும்.

பக்கமன்று, நிரல்

உலாவியில் தோன்றுவதைப் ‘பக்கம்’ என வழங்குகிறோம். அஃது அச்சிட்ட பக்கம் போன்றதன்று. எங்கோ உள்ள ஒரு வழங்கியிலிருந்து வந்து, நம் கணினியிலேயே இயங்கும் நிரல்களையும் அது கொண்டிருக்கும். முன்பின் அறியாதவர் எழுதிய நிரலை ஒருநாளில் நூறுமுறை நம் கணினியில் இயங்க விடுகிறோம் என்று சொன்னால் வியப்பாக இருக்கும், உண்மை அதுதான்.

அவ்வாறிருந்தும் பெரும்பாலான நாள்களில் தீங்கு நேர்வதில்லை. உலாவி அந்நிரலுக்கு வேலியிட்டு வைத்திருப்பதே காரணம். ஓசூரைக் கடந்தால் வரும் ஜூஜூவாடி எல்லைச் சோதனைச்சாவடியை நினைத்துப் பார்க்கலாம். வண்டி சாவடி வரையில் வரலாம். உரிய சீட்டின்றி அப்பால் செல்ல இயலாது. அதுபோல, பக்கத்தின் நிரல் எழுத்தைக் காட்டலாம், படத்தை அசைக்கலாம். வன்தட்டில் உள்ள கோப்புகளைத் தன் விருப்பப்படி திறக்க இயலாது. 2008ஆம் ஆண்டு வெளிவந்த குரோம் உலாவி, ஒரு தாவலில் இயங்குவது மற்றொன்றைத் தொடாதவாறு தாவல்களைத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து இயக்கும் முறையைப் பரவலாக்கியது. இன்றைய உலாவிகள் பலவும் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

தீநிரல் இச்சாவடியை எவ்வாறு கடக்கிறது? வேலியில் உள்ள பிழையைக் கண்டறிந்து உடைப்பது ஒரு வழி. அது கடினமானது, உலாவியை உடனுக்குடன் புதுப்பித்தால் பெரிதும் அடைபடும். மற்றொரு வழி மிக எளிது: கணினியின் உரிமையாளரையே தூக்கிவரச் செய்வது. பதிவிறக்கிய கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கும் அந்நொடியில், வேலிக்குள் இருந்ததை நாமே வெளியே கொண்டுவந்துவிடுகிறோம்.

தூக்கிவரச் செய்யும் உத்திகள்

‘உங்கள் கணினியில் ஐந்து நச்சுநிரல்கள் உள்ளன’ என்று ஒரு பக்கம் சிவந்த எழுத்தில் அலறினால், அது பொய். வன்தட்டைப் பார்க்க இயலாத பக்கம் அதிலுள்ளதை எவ்வாறு எண்ணியது? ‘படம் பார்க்க இந்த மென்பொருளை நிறுவுக’, ‘உலாவியை இங்கே புதுப்பிக்க’ என்பனவும் அவ்வகையினவே. உலாவி தன் அமைப்புப் பகுதியின் வழியாகத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்; அதற்கென ஒரு வலைத்தளம் கோப்பை நீட்டுவதில்லை.

உரிமத்தை உடைத்து இலவசமாகத் தரப்படும் வரைபட மென்பொருள்களுடன் பல நேரங்களில் ஒரு குறிப்பும் வரும்: ‘நிறுவுமுன் நச்சுநிரல் தடுப்பானை நிறுத்துக.’ வீட்டுக்கு வரும் விருந்தினர் நாயைக் கட்டிவைக்கச் சொன்னால் அது இயல்பு. கதவின் தாழ்ப்பாளையே கழற்றச் சொன்னால்?

2024ஆம் ஆண்டு முதல் பரவலாகியுள்ள உத்தி இன்னும் நுட்பமானது. ‘நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்க’ என்று ஒரு பக்கம் கேட்கும். வழக்கமான சோதனையாகவே தோன்றும். பின்னர், விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் ஒருசேர அழுத்துமாறும், தோன்றும் பெட்டியில் ஒட்டி ‘என்டர்’ விசையை அழுத்துமாறும் கூறும். ஒட்டப்படுவது, அப்பக்கம் நாம் அறியாமல் நகலெடுத்து வைத்த கட்டளை. உலாவியால் செய்ய முடியாததைப் பயனரின் விரல்களே செய்து முடிக்கின்றன. எந்த உண்மையான சோதனையும் உலாவியை விட்டு வெளியே வந்து கட்டளை இடச் சொல்லாது.

இவ்வாறு நுழையும் தீநிரல்களுள் ஒருவகை, உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்களைத் திருடும். ‘குக்கி’ எனப்படும் சிறு பதிவுகளையும் எடுத்துச்செல்லும். ஒரு தளத்தில் ஏற்கெனவே நுழைந்துள்ளோம் என்பதற்கான சீட்டு அது. சீட்டைத் திருடியவர் கடவுச்சொல் அறியாமலேயே கணக்கினுள் புகுந்துவிடலாம். உலாவியில் சேர்க்கப்படும் நீட்சிகளும் கருதத்தக்கவை. ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்’ இசைவு பெற்ற நீட்சி, வங்கிப் பக்கத்தையும் படிக்கும்.

பெயரைப் படிக்கும் முறை

பழஞ்சுவடிகளில் துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்தறியப் பதிப்பாசிரியர்கள் இடர்ப்பட்டதைத் தமிழ் மாணவர் அறிவர். அதே மயக்கத்தை இன்று ஏமாற்றுவோர் ஆங்கில எழுத்துகளில் வேண்டுமென்றே உண்டாக்குகின்றனர். சிறிய ‘ஆர்’ எழுத்தும் ‘என்’ எழுத்தும் நெருங்கி நின்றால் ‘எம்’ போலத் தோன்றும். சிறிய ‘எல்’ எழுத்து ஒன்று என்னும் எண்ணாகத் தோன்றும்.

அதனினும் பெரிய மயக்கம் முகவரியின் அமைப்பில் உள்ளது. அஞ்சலுறையில் தெருவுக்குப் பின்னரே ஊர்ப்பெயர் வருவது போல, இணைய முகவரியிலும் முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியில் இறுதியில் நிற்பதே உரிமையாளரைக் காட்டும். ‘டிஎன்.கவ்.இன்’ என்று அப்பகுதி முடிந்தால் அது தமிழ்நாடு அரசின் தளம். அச்சொற்களை முன்னே வைத்து, வேறொரு பெயரில் முடிந்தால் அது அவ்வேறொருவரின் தளம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இதனை நினைவில் கொள்வது நன்று.

முகவரிக்கு அருகே தோன்றும் பூட்டுக் குறி, செல்லும் வழியில் எவரும் ஒட்டுக்கேட்க இயலாது என்பதை மட்டுமே உணர்த்தும். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று அது சான்று தருவதில்லை. இப்பொருளை மக்கள் பிழையாக உணர்ந்ததாலேயே 2023ஆம் ஆண்டு குரோம் உலாவி அக்குறியை நீக்கியது.

இரண்டு நிகழ்வுகள்

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் தடுமாறின. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ–நிசான் மகிழுந்து ஆலையும் பாதிக்கப்பட்டது. எவரும் எதையும் சொடுக்காமலேயே அது கணினிவிட்டுக் கணினி தாவியது. அத்தாவலுக்கு வழியான பிழையைத் திருத்தும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாள்கள் கிடைத்தும், ‘பிறகு நினைவூட்டு’ என்று தள்ளிவைக்கப்பட்ட கணினிகள் எண்ணற்றவை.

2019ஆம் ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது. இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு செப்டம்பர் 4 அன்று தெரிவித்த இச்செய்தியை, இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று பொதுவில் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிருவாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி; உலையை இயக்கும் வலையமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டிருந்தது என அக்கழகம் விளக்கியது. ஓசூர்ப் பட்டறைக்கும் இப்பிரிவினை பொருந்தும். கணக்கும் வங்கியும் ஒரு கணினியில், பாட்டும் படமும் மற்றொன்றில் என்று பிரிக்க வசதியில்லாத வீட்டில், ஒரே கணினியில் இருவேறு பயனர் கணக்குகளையேனும் அமைக்கலாம். பிள்ளையின் கணக்கு, மென்பொருள் நிறுவும் அதிகாரமற்ற எளிய கணக்காக இருத்தல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கன

விண்டோஸ் இயங்குதளத்தில் தடுப்பான் உள்ளமைந்தே வருகிறது; அதனை நிறுத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் நிறைவுற்றன. பழைய மடிக்கணினி வைத்திருப்போர், சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறலாம்.

கோப்புப் பெயரின் இறுதிப்பகுதியை விண்டோஸ் இயல்பாக மறைத்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பரவிய ‘ஐ லவ் யூ’ தீநிரல், காதல் கடிதம் எனப் பெயரிட்ட உரைக்கோப்பாகத் தோன்றியதும் இம்மறைப்பினால்தான். அமைப்பை மாற்றிப் பெயரை முழுதாகக் காணச்செய்ய ஒரு நிமிடம் போதும். கணக்குகளின் காப்புப்படியைத் தனி வன்தட்டில் எடுத்து, எடுத்தவுடன் கழற்றிவைக்க வேண்டும். இணைந்தே கிடக்கும் வன்தட்டையும் பணயத் தீநிரல் பூட்டிவிடும்.

தீநிரல் புகுந்துவிட்டதாக ஐயம் எழுந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்த வேண்டும். இல்லையெனில் திருடப்பட்ட குக்கி செல்லுபடியாகிக் கொண்டேயிருக்கும். நச்சுநிரல் நீக்கும் கருவிகளை இந்திய அரசின் ‘சைபர் சுவச்தா கேந்திரா’ 2017 முதல் இலவசமாக வழங்கிவருகிறது. வங்கிப் பணம் போயிருப்பின், பிள்ளை பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லி, 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கச் செய்தல் வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு மாறிச்செல்லுமுன் அதனை நிறுத்திவைக்க வாய்ப்புள்ளது தொடக்க மணிநேரங்களில்தான்.